ஆழ்துளைக் கிணறும் அதன் வாயும்

கொங்கு நாட்டுத் தொழில்களின் விளைபொருள்கள் பெரும்பாலும் சோதித்து வாங்கத் தக்கவை. ஆலையில் நூற்ற நூலை இழுத்துப் பார்க்கலாம். வார்ப்படச் சாலையின் இரும்பைத் தட்டிப் பார்க்கலாம். ஈரோட்டுச் சந்தையின் மஞ்சளை ஒடித்து நிறம் பார்க்கலாம். ஒரு தொழில் மாத்திரம் தான் செய்த வேலையைச் செய்த அன்றே மண்ணுக்குள் மறைத்துவிடுகிறது. ஆறரை அங்குல அகலமும் ஆயிரம் அடி ஆழமும் உள்ள ஒரு துளையை விலைகொடுத்து வாங்கும் குடியானவன் அதன் வாயை மட்டுமே காண்கிறான். உள்ளே நடந்தது யாதென்பதை ரிக்கு ஓட்டியவனே அறிவான். அவனோ மறுநாள் வேறு ஜில்லாவில் இருப்பான். ஆழ்துளைக் கிணறு போடும் இத்தொழிலைப் பற்றியும், சிறப்பாக அக்கிணற்றின் வாயை மூடவேண்டியவர் யார் என்பதைப் பற்றியும் ஈண்டுச் சில கூற விரும்புகின்றேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடப்பது நம் நாடு. கோயம்புத்தூரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டரே. நம் முன்னோர் பாறையை உடைத்துச் சதுரக் கிணறு வெட்டி, எருது பூட்டிக் கவலை இறைத்தனர். 1932-ஆம் ஆண்டில் பைக்காரா மின்சாரம் பிறந்தது, அதன்பின் பம்பு வந்தது, எருது ஓய்ந்தது, நீர்மட்டமும் இறங்கலாயிற்று. கிணற்றின் அடியிலும் பக்கத்திலும் துளையிட்டுப் பார்த்தார்கள். 1966, 67-ஆம் ஆண்டுகளில் பீகாரில் நேர்ந்த கொடிய வறட்சியை ஒட்டி யூனிசெப் நிறுவனத்தார் பாறையைக் காற்றின் விசையால் அடித்து நொறுக்கும் சம்மட்டி பூண்ட துளைபொறிகளை இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். கையால் பல மாதம் வெட்டவேண்டிய பாறையை ஓரிரு நாளில் ஊடுருவும் அப்பொறியைத் தங்கள் சொந்தத் தொழிலாக்கிக்கொண்டவர் திருச்செங்கோட்டார். அர்த்தநாரீசுவரர் மலையடியிலிருந்து புறப்படும் ரிக்கு வண்டிகள் இன்று வடநாடெங்கும் செல்கின்றன. கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கும் போகின்றன. வறண்ட மண்ணிற் பிறந்த ஒரு கூட்டத்தார் பிறர் நாட்டு வறட்சியைத் தீர்க்கச் செல்வது பெருமைக்குரியதே. அப்பெருமையை மறுப்பதற்காக இதனை எழுதவில்லை.

வேலை நடைபெறும் வகை பலருக்கும் தெரிந்ததே. ஒரு லாரியின்மேல் கோபுரம் போன்ற சட்டம். மற்றொரு லாரியின்மேல் கம்ப்ரசர். சதுர அங்குலத்துக்கு 200, 300 பவுண்டு அழுத்தமுள்ள காற்று, குழாய்த்தண்டு வழியே கீழிறங்கிச் சம்மட்டியை இயக்குகிறது; அதே காற்று நொறுங்கிய கல்லைத் தூளாக மேலே ஊதித் தள்ளுகிறது. இருபது அடித் தண்டு ஒன்று இறங்கியதும் அடுத்த தண்டை அதன் தலையில் திருகுவார்கள். மேலே தளர்ந்த மண் உள்ள ஆழம்வரை கேசிங் குழாய் இறக்கப்படும். கெட்டிப் பாறையிற் குழாய் வேண்டுவதில்லை. கூலி அடிக்கணக்கில், ஆழம் போகப் போக அடிக்கு வீதம் உயரும். கேசிங் குழாய்க்குத் தனி விலை.

இந்த அடிக்கணக்கே நான் சொல்லவந்த செய்தியின் மூலம். எதற்குக் கூலி உண்டோ அது விரைவாக நடைபெறுகிறது. எதற்குக் கூலி இல்லையோ அது நடைபெறுவதில்லை. துளை செங்குத்தாக இறங்கியதா, எந்த அடியில் மண் முடிந்து பாறை தொடங்கிற்று, எந்த அடியில் ஈரம் கண்டது, கேசிங் உண்மையாகவே கெட்டிப் பாறையிற் சென்று அமர்ந்ததா என்பவற்றிற்கெல்லாம் அடிக்கூலி இல்லை. கேசிங் இரண்டு அடி குறைந்தால் அன்று ஒருவருக்கும் தெரியாது. இரண்டு மழை கழிந்தபின் மண் சரிந்து மோட்டாரை இறுக்கும். அல்லது சாயக்கழிவும் சாக்கடை நீரும் அவ்விடைவெளியில் கசிந்து குடிநீரோடு கலக்கும். அப்பொழுது குடியானவன் தன் விதியை நோவானேயன்றிக் கேசிங்கை நோவதில்லை.

வேலையாட்கள் நிலையும் இந்தக் கணக்கிற்கு வெளியே நிற்பதுதான். சட்டிசுகர், ஒடிசா முதலிய நாடுகளிலிருந்து வந்து இரவும் பகலும் ரிக்கில் உழைக்கும் இளைஞர்கள் கருங்கல் தூளை மூச்சோடு உள்ளிழுக்கிறார்கள். அத்தூளிலுள்ள மணற்சத்து நுரையீரலைத் தழும்பாக்கும், அந்நோய்க்கு மருந்தில்லை. காற்றோடு சிறிது நீரும் நுரையும் செலுத்தினால் தூள் பெரிதும் அடங்கும். அதற்கு நீர் சுமந்து வரவேண்டும். நீர் சுமந்த பாட்டிற்கு அடிக்கணக்கில் இடமில்லை. கோபுரச் சட்டத்தை நிமிர்த்துமுன் தலைக்குமேல் மின்கம்பி ஓடுகிறதா என்று அண்ணாந்து பார்ப்பதற்குக் காசு செலவில்லை. அவசரம் மாத்திரமே அதனைத் தடுக்கிறது.

தரம் என்பது இத்தொழிலில் ஆகாத காரியம் என்று யாரேனும் கூறுவாராயின், நம் கோயம்புத்தூர் ஜில்லாவில் நடந்த ஒன்றை அவருக்கு நினைவூட்டலாம். ஊர்ப்பொதுக் கிணறுகளில் முன்னர்ப் பொருத்திய வார்ப்பிரும்புக் கைப்பம்புகள் ஒரு குடும்பம் பயன்படுத்தத் தக்கவை. ஊர் முழுவதும் அடித்தபோது அவை தாங்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் நாட்டிற் பொருத்தியிருந்தவற்றுட் பெரும்பாலானவை பழுதாய்க் கிடந்தன. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் ஆகிய இடங்களில் மிஷன் தொண்டர்களும் அவர்களோடு உழைத்தவர்களும் உறுதியான எஃகுப் பம்புகளை ஆக்கிக் காட்டினர். அவற்றை அடிப்படையாகக் கொண்டு யூனிசெப்பும் அரசாங்கத்தாரும் சென்னை ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் தொழிற்சாலையும் கூடி உருவாக்கியதே இந்தியா மார்க் 2 என்னும் கைப்பம்பு. அதன் முதல் மாதிரிகளைச் சோதிக்க அவர்கள் தேர்ந்த இடம் நமது ஜில்லா. நீர் மிக ஆழத்தில் நிற்கும் இடத்திற் பிழைக்கும் பம்பு எங்கும் பிழைக்கும் என்பதே காரணம். பின்னர் 1983 முதற் சில ஆண்டுகள் உலக வங்கியும் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டமும் இங்கேயே மேலும் சோதித்து, கிராமத்தாரே பழுதுபார்க்கத்தக்க மார்க் 3-ஐ வகுத்தன. இந்தியத் தர நிர்ணயம் ஒன்றும் இக்கைப்பம்புக்கென ஏற்பட்டது. தொழிற்சாலையிலிருந்து வெளியேறுமுன் பம்புகளைச் சோதிக்கத் தனி ஆய்வாளரும் அமர்த்தப்பட்டனர்.

அப்பம்பின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. அதன் அடிப்பீடம் கேசிங் குழாயின்மேற் கவிழ்ந்து நின்றது. பீடத்தின் கால்கள் சிமெண்டு மேடையிற் புதைந்தன. பம்பே கிணற்றுக்கு மூடியாயிற்று. வாயை அடைப்பதென்பது பிறிதொரு வேலையாக நிற்காமல், நீரெடுக்கும் வேலையின் ஓர் உறுப்பாகவே அமைந்துவிட்டது. மார்க் 2 நின்ற கிணற்றில் குழந்தை விழ வழியில்லை. நீர் கிடைத்த கிணற்றுக்கு இங்ஙனம் ஒரு காவல் உண்டு. நீர் கிடைக்காத கிணற்றுக்கு யாது காவல்?

ஆயிரம் அடி சென்றும் ஈரம் காணாது புழுதியே கிளம்பினால், ‘புகைதானுங்க வந்தது’ என்பது நம் பக்கத்துப் பேச்சு. அந்த நேரத்தில் அவ்வயலில் நிற்பவர்களின் மனநிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். குடியானவன் நகையை அடகு வைத்த பணம் புழுதியாய்ப் போயிற்று. ரிக்கு ஓட்டியவனுக்கு அடுத்த ஊரிலிருந்து அழைப்பு வந்துகொண்டிருக்கிறது. இருவரையும் சேர்த்து வைத்த ஏஜெண்டு தன் தரகை வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஒரு கோணியைச் சுருட்டித் துளையின் வாயிற் செருகி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு எல்லாரும் கலைகிறார்கள். இதனினும் கொடியது பின்னர் நிகழ்வது. போட்ட பணத்திற் சிறிதேனும் மீளட்டும் என்று குடியானவன் கேசிங் குழாயை உருவி எடுத்துவிடுகிறான். அதுவரை ஆறேழு அங்குலமாய் இருந்த வாய், குழாய் போனபின் மண் சரிந்து அகலுகிறது. அதன்மேல் புல் முளைக்கிறது. சோளம் விதைத்தால் சோளம் மறைக்கிறது.

கொங்கு நாட்டின் கீழெல்லைக்கு அப்பால், திருச்சி ஜில்லா மணப்பாறைக்கு அருகேயுள்ள நடுக்காட்டுப்பட்டியில் 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இத்தகைய கிணற்றில் விழுந்தது. முதலில் மேலளவிலேயே தங்கியிருந்த குழந்தை, மீட்க முயன்றுகொண்டிருந்தபோதே எண்பது அடிக்கும் கீழே நழுவிற்று. அருகே இணையாக ஒரு குழி தோண்ட ரிக்குகள் வந்தன, பாறை இடங்கொடுக்கவில்லை. அக்டோபர் 27 தீபாவளி. தமிழ்நாடெங்கும் மக்கள் அவ்வொரு செய்தியையே கேட்டுக்கொண்டிருந்தனர். 29-ஆம் நாள் விடியுமுன் உயிரற்ற உடலே வெளிவந்தது. தண்ணீருக்காகப் பாறையைத் துளைக்கும் அதே பொறி, குழந்தைக்காகத் துளைத்தபோது நேரத்தோடு முடிக்கமுடியவில்லை.

சட்டம் இல்லாமையால் நேர்ந்ததா இது? அன்று. 2010-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாளிலேயே உச்ச நீதிமன்றம் விரிவான கட்டளை பிறப்பித்திருந்தது. துளையிடுமுன் 15 நாளைக்கு நிலத்துக்குரியவர் எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். துளையிடும் நிறுவனம் பதிவு பெற்றிருக்கவேண்டும். வேலை நடக்குமிடத்தில் இருவர் முகவரியும் கண்ட பலகையும் முள்வேலியும் வேண்டும். கேசிங்கைச் சுற்றிச் சிமெண்டு மேடை வேண்டும். எஃகுத் தகடு பற்றவைத்தோ, திருகாணி பூட்டிய மூடியாலோ வாய் அடைக்கப்படவேண்டும். கைவிட்ட கிணற்றை அடிமுதல் தரைமட்டம்வரை களிமண், மணல், கூழாங்கல், துளைத்த கல்தூள் இவற்றால் நிரப்பவேண்டும். இவை அக்கட்டளையின் சாரம். 2015-இல் நம் மாநில அரசாங்கமும் ஊராட்சிகளுக்கென விதிகளை வகுத்தது. கட்டளை தெளிவானதே. எனினும் நிரப்பும் கூலியை யார் கையிலிருந்து எந்த நாளில் வாங்குவது என்பதுமாத்திரம் பேரம் நடக்கும் திண்ணையில் ஒருபோதும் பேசப்படுவதில்லை.

இத்தகைய வினாவுக்குப் பிறிதொரு தொழிலார் விடை கண்டிருக்கின்றனர். அவர் எண்ணெய்க் கிணறு தோண்டுவோர். இரண்டாம் உலகப் போரில், 1944-ஆம் ஆண்டு, இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குக் கடலடியில் எண்ணெய் அனுப்புவதற்காக எஃகுக் குழாயைப் பேருருளைகளிற் சுற்றிக் கடலில் விரித்துச் சென்றனர். அக்கருத்தின் வழித்தோன்றலே இன்று எண்ணெய்க் கிணறுகளைத் துப்புரவு செய்யவும் பழுதுபார்க்கவும் வழங்கும் சுருள்குழாய் முறை. மூட்டே இல்லாத பல்லாயிரம் அடிக் குழாய் ஒரே உருளையிற் சுற்றியிருக்கும். கிணற்றிலுள்ள வாயு அழுத்தத்தோடு இருக்கும்போதே அதனை உள்ளே செலுத்துவர். கிணற்றின் வாயில் குழாயைச் சுற்றி இறுக்கும் அடைப்பும், வேண்டின் குழாயையே வெட்டி வாயை மூடும் தாடைகளும் உண்டு.

உருளையிலிருந்து விரியும்போதும் வளைவின்மேல் ஏறும்போதும் எஃகு வளைந்து நிமிர்கிறது. ஒவ்வொரு வளைவும் அதற்கு ஒரு மூப்பு. ஆதலின் குழாயின் எந்தப் பகுதி எத்தனை முறை, எவ்வளவு அழுத்தத்தில் வளைந்தது என்று கணக்கு வைக்கின்றனர். பார்வைக்குப் பழுதின்றித் தோன்றும் குழாயைக் கணக்குப் பழுது என்று சொன்னால், கண்ணை விட்டுக் கணக்கையே நம்பிக் குழாயை ஒதுக்கிவிடுவர். மண்ணுக்குள் மறையும் வேலையில் தரம் காக்க இதனைவிடச் சிறந்த வழியை நான் அறியேன். எண்ணெய் வற்றினால் கிணற்றைச் சிமெண்டால் அடைத்து மூடுவதும் அத்தொழிலில் வேலையின் பகுதியே. நம் நாட்டில் எண்ணெய்க் கிணறுகளைச் சுரங்கமாகக் கொண்டு 1984-இலும் 2017-இலும் தனி ஒழுங்குமுறைகள் செய்யப்பட்டன.

அங்கும் விதி வழுவினால் கேடு வருகிறது. அசாமில் பாக்ஜான் என்னுமிடத்தில் 2020-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள், பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒரு கிணறு வெடித்து வாயுவைக் கக்கிற்று, ஜூன் 9-இல் தீப்பற்றியது, தீயணைப்போர் இருவர் மாண்டனர், நவம்பரில்தான் அடங்கிற்று. உள்ளேயிட்ட அடைப்பு உறுதிதானா என்று தெளியுமுன் வாய்க்காப்பை அகற்றியது ஒரு காரணம் என்று விசாரணையிற் கூறப்பட்டது. ஆயினும் ஒரு வேற்றுமை காண்க. பாக்ஜானில் யார் பொறுப்பு என்று கேட்க ஏடு இருந்தது, வேலை செய்தவர் பெயர் இருந்தது, மணிக்கணக்கு இருந்தது. நமது ஆயிரம் அடித் துளைக்குப் பல சமயங்களில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை.

எண்ணெய்க் கிணற்றின் சாதனங்களை எல்லாம் நீர்க்கிணற்றுக்குக் கேட்பது பேதைமை. நமது பாறையில் அத்தகைய அழுத்தமும் இல்லை, நெருப்பும் இல்லை. நான் வேண்டுவன இரண்டே. மூடும் கூலி அடிக்கூலியோடு சேர்ந்து பேசப்படவேண்டும். நீர் வந்தாலும் வராவிட்டாலும் வாயை அடைக்காமல் ரிக்கு அவ்வயலை விட்டு நகரக்கூடாது. மண் எத்தனை அடி, கேசிங் எத்தனை அடி, ஈரம் கண்டது எங்கே, மூடியது எவ்வாறு என்று ஒரு தாளில் எழுதி, ரிக்கின் பதிவெண்ணும் நாளும் இட்டுக் குடியானவனிடம் ஒரு படியும் ஊராட்சியில் ஒரு படியும் கொடுக்கவேண்டும்.

கூலி ஏறிவிடும் என்பது முதல் தடை. கணக்கிட்டுப் பார்ப்போம். ஆறரை அங்குலத் துளை ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 230 கன அடி கொள்ளும். மணல் அளக்கும் யூனிட் கணக்கில் இரண்டேகாலுக்குச் சற்று மேல். அதற்கு வேண்டிய கல்தூளோ துளையின் அருகிலேயே குவிந்து கிடக்கிறது. உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றுக்கொண்டிருக்கிறது. குறைந்தால் ஒரு டிராக்டர் மண் போதும். நீருள்ள கிணற்றுக்கு வேண்டுவது திருகாணி மூடி ஒன்று. சில அடிகளின் கூலிதான் அதன் விலை. லட்சக்கணக்கிற் செலவிட்ட வேலையில் இஃது ஒரு பாரமாகாது.

அடுத்த மழையில் ஊற்று வந்தாலும் வரும், ஆகையால் நிரப்பவேண்டாம் என்று குடியானவன் தடுப்பது இரண்டாவது. அந்த நம்பிக்கையை நான் நகைக்கமாட்டேன். நம் நாட்டு வேளாண்மையே அதன்மேல் நிற்கிறது. அவனுக்குத் திருகாணி மூடி போதும், வேண்டும்போது திறந்துகொள்வான். ஆனால் கேசிங்கை உருவுவதாயின் அன்றே துளையை நிரப்பிவிடவேண்டும். மழைநீரைச் செலுத்தும் துளையாக ஆக்கிக்கொள்வாரும் உளர். மணலும் சல்லியும் பரப்பிய வடிகுழி அமைத்து வாயையும் மூடினால் அது நல்லதே; வடிகட்டாமல் வயல் நீரைத் திருப்பிவிட்டால் நிலத்தடி நீருக்கே நஞ்சு.

மூன்றாவது தடை ரிக்கு உரிமையாளரிடமிருந்து வரும்: நிலம் அவனுடையது, துளை அவனுடையது, எங்கள்மேற் பழி ஏன் என்பர். மோசேயின் நியாயப்பிரமாணம் இதற்கு ஒரு விடை கூறியிருப்பதை நம் கல்லூரியிற் பயின்றவர் அறிவர். குழியைத் திறந்தவனோ வெட்டினவனோ அதனை மூடாது விட, மாடேனும் கழுதையேனும் அதில் விழுந்தால், குழிக்கு உடையவன் ஈடு கொடுக்கக் கடவன் என்பது அதன் கருத்து. வெட்டுவதையும் மூடுவதையும் அந்நூல் பிரிக்கவில்லை. இன்றைய முறையிலோ பொறுப்புத் தெளிவின்றிக் கிடப்பதால், ஏதேனும் நேர்ந்தபின் காவல்துறையார் இருவரையும் தேடுகின்றனர். கையொப்பமிட்ட ஒரு தாள் இருக்குமாயின், நான் மூடிக் கொடுத்தேன் என்று ரிக்குக்காரர் காட்டலாம். அதன்பின் மூடியைப் பெயர்த்தவரே பொறுப்பாவர். அந்தத் தாள் அவருக்குப் பழியன்று, கவசம். திருச்செங்கோட்டு உரிமையாளர் தம்முட் கூடி இதனை ஒரு வழக்கமாக்கினால், நாடெங்கும் செல்லும் தம் வண்டிகளோடு அவ்வழக்கமும் செல்லும். அரசாங்க ஆய்வாளர் ஆயிரம் பேர் செய்யமுடியாததை அஃது செய்யும்.

இனிமேற் போடும் கிணறுகளுக்கு இது வழி. ஏற்கனவே திறந்து கிடப்பவை? நம் மாணவர் பலர் அன்னூர், பல்லடம், பொங்கலூர், காங்கயம் முதலிய ஊர்ப்பக்கங்களிலிருந்து வருகின்றனர். அவர்களுட் சிலரின் இல்லத்தார்க்கே ரிக்கு உண்டு. கோடை விடுமுறையில் தத்தம் ஊர் எல்லைக்குள் மூடாத துளைகளைத் தேடி ஒரு பட்டியல் எழுதுவது அவர்க்கு அரிதன்று. சோளமும் புல்லும் அப்பொழுது தாழ்ந்திருக்கும்; வாய் கண்ணுக்குப் படும். தனியே போகாமல் நிலத்துக்குரியவரை உடன்கொண்டு செல்க. வயலின் சர்வே எண், வாயின் அகலம், கேசிங் உண்டா இல்லையா, அருகிலுள்ள வீட்டிற்கோ பள்ளிக்கோ எத்தனை தப்படி என்று எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒரு படியும் கலெக்டர் அலுவலகத்தில் ஒரு படியும் சேர்ப்பிக்கலாம். துளையிட்டது எந்த ரிக்கு என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். பல வரிசைகளில் அக்கட்டத்தை நிரப்ப இயலாது. ஊரில் எவருக்கும் நினைவிராது. அதனை வெறுமையாகவே விட்டு அனுப்புக.